இரைச்சலுக்குள் ஒரு புள்ளி

2017 யூன் 4, ஞாயிறு

பாஸ்கா முடிந்த கையோடு அண்ணன் யோசேப்பைப் பாரிசவாதம் சாய்த்தது. வலது கையும் பேச்சும் போயின. மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்று தெரியாமல் மருந்து கொடுக்க ஏலாதாம். படம் பிடிக்கும் மெசின் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மருந்துக்கான நேரம் கடந்துவிட்டது. அவர் மகள் ஜெனுஷா கம்பஸ் படிப்பை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறாள்.

இனி இந்த வீட்டில் பேச ஆள், இந்த ஓலைத்தொடுவாய்க் கரையின் சக்கரவர்த்தி, அவர் தம்பி பஸ்ரியனாகிய நான்தான். நான் வாயைத் திறந்தால் கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்து நாய்கள் எழும்பும்.

யூன் 11

பின்னேரமானால் அண்ணன் இடது கையை ஆட்டி ஏதோ சத்தமிடுகிறார். தேத்தண்ணியா? சுருட்டா? சுவாமியாரா? "மகாராசாவுக்கு யானை வேணுமாம், கட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். ஜெனுஷா சிரித்தாள். அண்ணன் அழுதார்.

நான் ஏன் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேல்லை?

யூன் 19

ஜெனுஷா பாதியில் விட்டுவந்த ஆராய்ச்சியைக் கணினியில் காட்டினாள். தலையைச் சுற்றி அன்ரனாக்கள். மைக்ரோவேவ் அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு அடைப்பைப் படமாக்கலாம். அம்புலன்சுக்குள்ளேயே வைக்கலாமாம். சோறு சூடாக்கும் சாமானால் அண்ணனின் தலை அவிந்துவிடாதா என்று கேட்டேன். முறைத்தாள்.

திரையில் ஒரு தலை, அதற்குள் அடைப்பைக் காட்டும் சிவப்புப் புள்ளி. அலையோடு கொஞ்சம் இரைச்சல் சேர்த்தாள், புள்ளி கலங்கியது. இன்னும் சேர்த்தாள் — புள்ளியைக் காணோம், இல்லாத இடங்களில் பொய்ப் புள்ளிகள்.

"திரும்பி வாற அலை சரியான மெல்லிசு, சித்தப்பா. மெசின்ர சொந்த இரைச்சலே அதை மூடிப்போடும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"திரும்பத் திரும்ப அளக்கிறது. இரைச்சல் ஒவ்வொருக்காலும் மாறும். உண்மையானது அதே இடத்தில நிக்கும்."

மெசினின் சொந்த இரைச்சல். யாரைச் சொன்னாள்?

யூன் 20

இன்று நான் பேசவில்லை. கடல் வற்றியிருக்கும், யாராவது போய்ப் பார்க்கட்டும்.

யூன் 27

ஒவ்வொரு பின்னேரமும் வாயை மூடிக்கொண்டு அண்ணனையே பார்த்தேன். கை ஒருநாள் மேலே, ஒருநாள் பக்கத்தில். சத்தமும் நாளுக்கு நாள் வேறு. கண் மட்டும் ஒரே இடத்தில் — கதவடியில் கிடக்கும் ஜெனுஷாவின் கம்பஸ் பை.

"பிள்ளையைப் போகச் சொல்லுறியளோ, அண்ணை?"

கை அப்படியே மடியில் விழுந்தது. ஓமென்று தலையசைத்தார்.

மண்டபம் அகதி முகாமை விட்டு இந்தக் கரைக்குத் திரும்பியதே அவளைப் படிப்பிக்கத்தானே. எனக்கு எப்படி விளங்காமல் போனது?

அவள் மாட்டன் என்று குசினிக்குள் போனாள். பின்னால் போனேன். "குளிப்பாட்டுறதும் சோறு தீத்துறதும் நான். நீ போ, பிள்ளை."

யூலை 3

பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டேன். அண்ணன் இன்று கையை ஆட்டவில்லை.

ஓகஸ்ட் 20

விடியப்புறம் அண்ணன் போய்விட்டார். மறுபடியும் அதே பாரிசவாத வருத்தம்.

ஒக்ரோபர் 1

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கம்பஸ் திரும்பிய ஜெனுஷா இன்று போன் எடுத்துப் பேசினாள். இப்போது இரைச்சலைக் கூட்டினாலும் புள்ளி மறையவில்லையாம். "அப்பாட்டச் சொல்லுங்கோ" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"சொல்லுறன், பிள்ளை."

அண்ணன் சாய்ந்திருந்த வெறுங் கதிரைக்கு முன்னால் இருந்து சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. பிறகு பொழுது படும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

வீட்டில் இரைச்சலே இல்லை. கேட்பதற்கும் ஒன்றும் இல்லை.