தண்ணீரில் சுற்றும் சாணைக்கல்

என் இபுராகிமுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகப்போகிறது. உன் வீடிருக்கும் ராயப்பேட்டைப் பக்கம் வரும்போதெல்லாம் உன்னை வைதுகொண்டேதான் வருகிறேன். ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் இனி உன்னால் என்ன செய்ய முடியும்?

பட்டறை திறந்துதான் இருக்கிறது. நீ பார்த்த கடைசல், நான் பார்த்த செதுக்கு வேலை, இரண்டும் இப்போது என் தலையில். சாந்தோமில் எங்கள் பங்குக் கோயில் பீடத்துக்கு நீ பாதி கடைந்து வைத்த மரக் கிராதி அப்படியே கிடக்கிறது. திருவிழாவுக்குள் வேண்டுமென்று சாமியார் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். நான் என்ன செய்ய? உளி தேக்கை வெட்டவில்லை, பிய்க்கிறது.

வியாழன் மாலை என் உளி, உன் உளி எல்லாவற்றையும் கித்தானில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாய். வெள்ளி உனக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை அவை பளபளவென்று வந்து இறங்கும். பத்து வருடம் அப்படியே சொகுசாக இருந்துவிட்டேன். எனக்கு உருப்படியாக ஓர் உளி தீட்ட வராது என்பதே நீ போன பிறகுதான் தெரிந்தது.

சரி, மோட்டார் சாணை ஒன்று வாங்கிவிடலாம் என்று மவுண்ட் ரோட்டுக்குப் போனேன். சண்டை முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்கள் கடைகளுக்கு வந்திருக்கின்றன. இரண்டு காட்டினார்கள். ஒன்றில் எமரிக் கல் படுவேகமாகச் சுற்றுகிறது, நிமிடத்தில் கூர் வந்துவிடுமாம். மற்றதில் பெரிய கல் தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடி மெதுவாகச் சுற்றுகிறது, பொறுமை வேண்டும். முதலாவதில் பூ செதுக்கும் சின்ன நகவுளியை வைத்துப் பார்த்தேன். பொறி பறந்தது. எடுத்துப் பார்த்தால் சூட்டில் முனை நீலமாகியிருந்தது. மரத்தில் இரண்டு தட்டுத் தட்டியதும் மடங்கிப்போயிற்று. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் இரண்டையுமே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் கடைக்காரர்.

நீ எந்தக் கல்லில் தீட்டினாய் என்று கேட்க உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி சுபைதா இத்தாவில் இருக்கிறாள். புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வரக்கூடாது, வெளி ஆண்கள் முகம் பார்க்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? உன் அம்மா என்னை நடையில் உட்காரவைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சுபைதா உளியைக் கேட்டாள். அம்மாதான் வாங்கிக் கொடுத்தார்கள்.

"இன்னாண்ணே, இப்படி எரிச்சி வெச்சிகிறீங்க" என்றாள். "இத்த நான் எப்படி தீட்டி வெச்சிருந்தேன்."

நான் என்று அவள் வாய்தவறிச் சொன்னதும் உன் அம்மாவைப் பார்த்தேன், மீதியை அவர்கள்தான் சொன்னார்கள்.

அவள் அப்பா தெருத்தெருவாய்ச் சாணை பிடித்தவராமே. கல்யாணமானதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நம் உளிகளைத் தீட்டியது அவள்தானாம். பெண்டாட்டி கையால் பிழைக்கிறான் என்று பேசுவார்கள் என்று பயந்து, வெளியே சொல்லக்கூடாதென்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாய். ஏனடா? சனிக்கிழமைதோறும் உன் கையை நான் மெச்சுவேன், நீ தாடியைத் தடவிக்கொண்டு நிற்பாய். ஒரு நாளாவது உனக்குக் கூசவில்லையா?

தண்ணீர்க் கல்லையே வாங்கச் சொன்னாள். சூடேறாது, இரும்பின் பதம் போகாது என்றாள். உன் வீட்டில் கரண்ட் கிடையாது, பட்டறையில்தான் ஓட்ட முடியும், இத்தா முடிந்ததும் நீயே வந்து பார்த்துக்கொள்கிறாயா என்று சுபைதாவிடம் கேட்டேன்.

"ஆசையாத்தான் கீதுண்ணே. ஆனா வந்து உக்காந்தா நாலு பேரு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது? அவரு இருந்தாலாவது, அந்த சத்தியத்த விட்டுடுங்கன்னு கேட்டுக்கலாம்."

நல்ல இடத்தில் எங்கள் இருவரையும் மாட்டிவைத்துவிட்டுப் போனாய். மிஷினை வாங்கி நானே பழகிக்கொண்டால், அவளுடைய வேலையை யாருக்கும் தெரியாமலே பிடுங்கியவன் ஆவேன். அவளைக் கூப்பிட்டால் உன் சத்தியம் குறுக்கே நிற்கிறது. வாங்காமலே இருந்தால் சாமியாருக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை தண்ணீர்ச் சாணைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது. சத்தியம் செய்தவள் அவள். நான் செய்யவில்லையே. என்னிடமும் சத்தியம் வாங்க வேண்டுமானால் நீ உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

நேரே உன் அம்மாவிடம் போய், எல்லோரும் படிக்கும்படி உனக்கொரு கடிதமாகப் பத்திரிகைக்கு எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். உள்ளே போய்ச் சுபைதாவிடம் பேசிவிட்டு வந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் பெயரைப் பிழையில்லாமல் எழுதச் சொன்னார்கள்.

எழுதுகிறேன், நீயும் கேட்டுக்கொள். அந்த உளிகளைத் தீட்டியவள் சுபைதா. சொன்னவன் நான், அவள் வாக்குத் தவறவில்லை.

இத்தா முடிய இன்னும் பதினெட்டு நாள். அம்மாவும் கூட வந்து உட்காருவார்களாம். அதுவரை அந்தக் கல்லில் ஓர் உளியும் வைக்கமாட்டேன். இது என் சத்தியம், இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

சுபைதாவுக்கு அண்ணனாகிவிட்டதால் இனி உனக்கு மச்சான்,
சூசை