பச்சைத் தடத்தில் என்னை நிறுத்திச் சோதனை செய்யக் கோருவது

அனுப்புநர்
ஹார்மென் ஸ்லூட் (வயது 73),
ஓய்வு பெற்ற சரக்குப் படகோட்டி,
கால்வாய்க் கரைத் தெரு,
லெம்மர், நெதர்லாந்து.

பெறுநர்
தலைமைச் சுங்க அதிகாரி அவர்கள்,
பயணிகள் கப்பல் துறை,
லின்ட்விக், நார்வே.
(தாங்களே பிரிக்கவும். முன்மேசையில் கிடக்க வேண்டாம்.)

பொருள்: ஆண்டுதோறும் தங்கள் துறையில் வந்திறங்கும் என் கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்து வரும் வீட்டுவண்டியை, இதுவரை ஒருமுறைகூடச் சோதிக்காதது பற்றிய புகாரும், வருகிற ஜூன் மாதம் சோதிக்கக் கோரும் வேண்டுகோளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். நான் படகில் பிறந்தவன். எங்கள் படகு எந்தத் துறையிலும் சில நாட்களுக்கு மேல் நின்றதில்லை. ஆகவே பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை. இரண்டு குளிர்காலங்களாக எங்கள் ஊர் நூலகத்தில் நடக்கும் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறேன். ஆசிரியை பிழை திருத்தித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். இதிலுள்ள செய்தி எங்கள் ஊரில் என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு பத்தி எழுதுகிறேன், சில நாள் அதுவும் முடிவதில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் பேனாவைத்தான் தேடுகிறேன். எழுதுவது இவ்வளவு சுகமான வேலை என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

2. பன்னிரண்டு ஆண்டுகளாக ஜூன் மாதம் நானும் என் மனைவி ரின்ஸ்கேயும் தங்கள் நாட்டுக்கு மீன் பிடிக்க வருகிறோம். எங்களுடன் இன்னொரு கேரவனில் ரின்ஸ்கேயின் அண்ணன் டௌவே வருகிறார். அவரும் படகுக் குடும்பம்தான். ஆனால் படகோட்டிகளின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்தவர். நாற்பது ஆண்டுகளாக எனக்கு வந்த கடிதங்களை எல்லாம் அவர்தான் படித்துச் சொன்னார். இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் வருவார், காப்பி குடிப்பார், அந்த வாரத்துத் தபாலைப் பிரித்துப் படிப்பார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய பிறந்தநாளில் ஒரு செய்தித்தாளை முழுப் பக்கம் படித்துக் காட்டி அசத்த வேண்டும் என்று மறைத்து வைத்திருந்தேன். இப்போது வேறு காரணத்துக்காக மறைக்கிறேன்.

3. கப்பலிலிருந்து இறங்கியதும் தங்கள் துறையில் இரண்டு தடங்கள் உண்டு. முதல் ஆண்டே டௌவே எனக்கு விளக்கினார்: "மாப்ளே, செவப்பு லாரிக்கு, பச்சை வீட்டுவண்டிக்கு. நீ பாட்டுக்குப் பச்சையில போயிட்டே இரு."

"அப்போ நீங்க ஏன் மச்சான் செவப்புல போறீங்க?" என்று கேட்டேன்.

"என் வண்டி உன்னுதைவிட ஒரு முழம் நீளம். அவங்க அளவுக்கு அது லாரி."

நான் நம்பினேன். அவர் சிவப்புத் தடத்தில் ஒரு பன்றித்தொடைத் துண்டையும் ஒரு பாட்டிலையும் எடுத்துக் காட்டுவார். தன் நாய் பிம்மைத் தூக்கி மேசைமேல் வைப்பார். தங்கள் அலுவலர்கள் கூடி நின்று சிரிப்பார்கள். அவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு "டௌவே, வந்துட்டியா!" என்று பெயர் சொல்லியே கூப்பிட்டார். நான் யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. காதில் விழுந்ததைச் சொல்கிறேன். முன்மேசையில் கிடக்க வேண்டாம் என்று மேலே எழுதியதும் அதனால்தான். அந்த நேரத்தில் நான் பச்சைத் தடத்தில் போய்க்கொண்டிருப்பேன். கிழவனும் கிழவியும், சன்னலில் பூப்போட்ட திரை. எல்லாரும் கை காட்டி அனுப்புகிறார்கள். "நில்" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. இதுவே என் புகார்.

4. என் கேரவனின் முன்பக்கப் படுக்கைக்கு அடியில், ஒவ்வோர் ஆண்டும் புறப்படும் நாளன்று, டௌவே ஒரு பச்சை இரும்புப் பெட்டியை வைக்கிறார். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். பூட்டு அவருடையது, சாவியும் அவரிடம்.

"ஈயக் குண்டு, மாப்ளே, தூண்டிலுக்கு. என் வண்டியில எடமில்ல. உன்னுது காலியா ஆடிக்கிட்டு வருது, கொஞ்சம் கனம் இருந்தாத்தான் நேரா ஓடும்."

சரக்கு ஏற்றினால் படகு தண்ணீரில் எவ்வளவு இறங்கும் என்பது எங்களுக்குப் பிழைப்பு. அந்தப் பெட்டி ஏறியதும் என் காரின் பின்பக்கம் அமுங்கி, விளக்கு வெளிச்சம் மரக்கிளைகளில் அடிக்கும். எதிரே வருகிறவர்கள் விளக்கை மின்னி என்னைத் திட்டுவார்கள். வீட்டுவண்டிகள் தங்கும் முகாமில் போய் இறங்கியதும் சாம்பல் நிற வேனில் ஒருவர் வருவார், மீன்பிடிச் சங்கத்துச் செயலாளராம். பெட்டியை எடுத்துப் போய் மறுநாள் கொண்டுவந்து வைப்பார். அப்போது அதை ரின்ஸ்கே ஒரு கையால் தூக்குவாள். கேட்டால் டௌவே, "எல்லாம் கடல்ல போச்சு மாப்ளே, அடியில ஒரே பாறை" என்பார். அதுவரை அவர் தூண்டிலை உறையிலிருந்து எடுத்திருக்கக்கூட மாட்டார். இன்னொன்று: ஒருமுறை பெட்டியின் மூடி இடுக்கில் கம்பளித் துணியின் ஓரம் வெளியே தெரிந்தது. வழியில் அத்தனை பள்ளம் மேட்டிலும் அந்தப் பெட்டி ஒரு சத்தம் போட்டதில்லை. ஈயக் குண்டு ஒன்றோடொன்று மோதினால் சத்தம் வரும், ஐயா.

5. இவ்வளவும் கண்ணில் பட்டும் பதினோரு ஆண்டுகள் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வந்தது சென்ற ஜூனில். அப்போது நான் ஒரு குளிர்காலம் படித்து முடித்திருந்தேன். கண்ணில் பட்டதை எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன்: தீயணைப்பு வாளி, கழிவறைக் கதவு, மிதவைச் சட்டை. கப்பலில் கார்த் தளத்துக்கு இறங்கும் படிக்கட்டில் ஒரு பலகை இருக்கிறது. நான்கு மொழிகள், மூன்றாவது எங்களுடையது. நடுப்படியில் நின்று படித்தேன். பின்னால் ஒருவர், "பெரியவரே, நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?" என்றார். நான் நகரவில்லை. சுங்கத்தில் காட்ட வேண்டிய பொருள் உள்ளவர்கள் சிவப்புத் தடம், காட்ட எதுவும் இல்லாதவர்கள் பச்சைத் தடம் என்று எழுதியிருந்தது. லாரி என்ற சொல் அந்தப் பலகையில் இல்லை. இரண்டாம் முறையும் தேடிப் பார்த்தேன்.

டௌவே நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "மச்சான், இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"வருஷா வருஷம் இதையே கேளு. மண்டையில என்ன இருக்கு, தவிடா?" என்றார். பிறகு பலகையில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் நகர்த்தி, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "செவப்பு... லாரிக்கு. பச்சை... வீட்டுவண்டிக்கு. போதுமா?"

அவர் விரல் "காட்ட எதுவும் இல்லாதவர்கள்" என்ற சொற்களுக்கு அடியில் நின்றிருந்தது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

6. அன்று முதல் எனக்கு நிம்மதி இல்லை. பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. கப்பல் உணவகத்தில் டௌவேதான் பலகையைப் பார்த்துச் சொல்வார்: "இன்னிக்குப் பட்டாணி சூப்பு மட்டுந்தான் மாப்ளே." பிறகு தன் தட்டில் இறைச்சி உருண்டைகளோடு வருவார். கடைசித் தட்டாம். திரும்பும் பயணத்தில் அந்தப் பலகையை நான் படித்தேன். எட்டு வகை இருந்தது. தாங்கள் எங்கள் மொழியில் அச்சிட்டிருக்கும் சுங்கத் துண்டறிக்கையையும் நான்கு முறை படித்தேன், மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். உருளைக்கிழங்கு கொண்டுவரக் கூடாது என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. ஆண்டுதோறும் ஒரு மூட்டை கொண்டுவந்தேன். அதில் பாதியை டௌவே தின்றார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஆண்டு கொண்டுவர மாட்டேன். "அந்த ஊர்ல கெழங்கு என்ன விலை தெரியுமா உங்களுக்கு?" என்று ரின்ஸ்கே இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

7. பெட்டியை நானே திறந்து பார்க்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். ஐம்பது ஆண்டுகள் பிறர் சரக்கை ஏற்றி இறக்கியவன் நான். பூட்டிய சரக்கைப் படகோட்டி தொடக் கூடாது. திறக்கும் உரிமை சுங்கத்துக்கு மட்டுமே உண்டு. ஹார்மென் ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தான் என்று எந்தத் துறையிலும் பேச்சு இல்லை. இந்த வயதில் அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். நானே சிவப்புத் தடத்தில் வரலாமே என்றும் கேட்கலாம். அங்கே "என்ன கொண்டுவந்தீர்கள்?" என்பீர்கள். பக்கத்திலேயே டௌவே நிற்பார். எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள் என்று நான் சொன்னால், பத்துப் பேர் நடுவில் அவரைத் திருடன் என்று சொன்னதாகிவிடும். பெட்டியை ஏற்ற மாட்டேன் என்று மறுத்தாலும் அதே கதைதான்.

8. ரின்ஸ்கே என்னோடு சண்டையிடுகிறாள். "நாப்பது வருஷம் உங்க காகிதத்தையெல்லாம் யாரு படிச்சா? ஆபரேஷன் சமயத்துல டாக்டர் கடுதாசியைக் கையில வெச்சுக்கிட்டு ராப்பகலா பக்கத்துல உக்காந்தது யாரு? எங்க அண்ணன் ஈயம்னு சொன்னா ஈயந்தான்."

"ஈயத்துக்கு எதுக்குடி கம்பளி? அதுக்குக் குளிருமா?"

"ஏங்க, நீங்க எழுத்துப் படிச்சீங்களா, போலீஸ் வேலை படிச்சீங்களா?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த மருத்துவர் கடிதத்தை டௌவே மூன்று முறை படித்துக் காட்டினார். சின்ன வேலைதான், இரண்டு நாளில் வீடு என்றார். ஐந்து வாரம் கிடந்தேன். மருத்துவர் தவறாக எழுதிவிட்டார் என்று அப்போது எண்ணினேன். எழுதியிருந்தது வேறு, எனக்குத் தைரியம் வரவேண்டும் என்று அவர் படித்தது வேறு என்று இப்போது தோன்றுகிறது. அது உண்மையானால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எழுதியிருந்தது என்ன என்பதை நான் அறிந்ததெல்லாம் அந்த மனிதர் வாயால்தான், ஐயா. அதில் எது என் நலனுக்குச் சொன்னது, எது அவர் வசதிக்குச் சொன்னது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அந்தப் பெட்டி திறந்தாக வேண்டும். நான் திறக்க முடியாது. தாங்கள்தான் திறக்க முடியும்.

9. ஆகவே தங்களிடம் வேண்டுவது: ஜூன் ஐந்தாம் தேதி காலைக் கப்பலில் வருகிறோம். என் கேரவன் வெள்ளை, பக்கத்தில் நீலக் கோடு, பின் சன்னலில் கொக்குப் படம். தற்செயலாக நிறுத்துவது போல என்னைப் பச்சைத் தடத்தில் நிறுத்துங்கள். கூடவே டௌவேயையும் அழைத்து வரச் சொல்லுங்கள். அவர் வேடிக்கையாகப் பேசுவார், நாயைத் தூக்கி மேசையில் வைப்பார். சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அவரைப் பெயர் சொல்லி அழைக்காத அலுவலர் ஒருவரை அந்த வேலைக்கு அனுப்புங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். தங்கள் வாசலிலும் அதே பலகை இருக்கிறது. அதன் எதிரே எங்கள் இருவரையும் நிறுத்தி, "இவருக்குப் படிக்கத் தெரியாதாமே, நீங்கள் இவருக்குப் படித்துக் காட்டுங்கள்" என்று டௌவேயிடம் சொல்லுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் உள்ளதை உள்ளபடி படித்தால், எனக்கு வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

பெட்டியில் கூடாதது இருந்தால், வண்டி என்னுடையது, தடத்தில் வந்தவனும் நான். எழுத வேண்டியதை என் பெயரிலும் எழுதுங்கள்; படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். பிம்முக்கு மட்டும் அன்று வேளைக்குச் சோறு கிடைக்க வேண்டும், அது ஒரு பாவமும் அறியாது.

10. இதற்குப் பதில் எழுதுவதாக இருந்தால் என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை டௌவே வந்து பிரித்துப் படிப்பார். தங்கள் கடிதத்தை அவர் எனக்கு என்னவென்று படிப்பார் என்று கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம். லெம்மர் நூலகத்தின் முகவரிக்குப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இந்த மனுவையும் பக்கத்து ஊருக்குப் போய்த்தான் தபாலில் சேர்க்கிறேன். எங்கள் ஊர்த் தபால் கடையில் இருப்பது டௌவேயின் மகள்.

11. கடைசியாக ஒன்று. பெட்டி நிறைய ஈயமே இருந்தால், நான் எழுதியதை அவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். இந்த மனுவைக் கிழித்துவிடுங்கள். நான் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பெட்டியைச் சுமந்து வருவேன். திரும்பும் கப்பலில் அவர் பட்டாணி சூப் மட்டும்தான் இருக்கிறது என்றால், பலகையைப் பார்க்காமல் அதையே சாப்பிட்டுக்கொள்வேன்.

தங்கள் "நில்" என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்) ஹார்மென் ஸ்லூட்
எழுதியவரும் அவரே.

இடம்: லெம்மர்
நாள்: ஏப்ரல் 18