ஓடைக் கல்

சார்ல்ஸ்டவுன், ரோட் ஐலண்ட்
ஜூலை 19

என் அக்கா மகள் ரோவீனாவுக்கு,

எல்வின் மாமா எழுதுவது. ஓரிகனில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம். என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மாமாவுக்குக் கடிதம்கூட எழுத வருமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மே மாதம் உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று நீ வந்து மதில் ஓரமாக நின்றாய். சாப்பாடு பரிமாறுவதற்குள் வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டாய். நான் பார்த்தேன், கூப்பிடவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன், அதுவரை என்னைத் திட்டாதே.

இந்த வருஷம் அக்கா இல்லாமல் சோளம் விதைத்தோம். ஓக் இலை அணில் காது அளவு வந்ததும் விதைக்க வேண்டும் என்பாள் அல்லவா? ஆளுக்கு ஒரு அணிலைப் பார்த்தோமோ என்னவோ, சண்டை பிடித்தே ஒரு வாரம் போயிற்று. நம் நராகன்செட் பழங்குடிச் சனத்தில் மட்டிச் சிப்பி தோண்டுகிறவன், கூடை முடைகிறவள், மேளம் அடிக்கிறவன், யாரைக் கேட்டாலும் உன் அம்மா பெயரைச் சொல்லி, லெட்டா அத்தை சொன்னாள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். உண்மையில் அவள் எங்கே சொன்னாள்? தப்பாகச் செய்தால் பேசாமல் பிரித்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவாள். அதற்குப் பதில் திட்டே வாங்கியிருக்கலாம்.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். நெருப்பில் கல்லைச் சூடாக்கி மட்டி வேகவைக்கும் குழியை யார் பார்ப்பது என்று போன ஞாயிறு பேச்சு வந்தது. டவுனிலிருந்து சமையல்காரர்களை வரவழைக்கலாம் என்றான் கூட்டத்தை நடத்துகிற ஹார்லன். நல்லவேளை, இதைக் கேட்க உன் அம்மா உயிரோடு இல்லை.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் அதே குழியில் கல் வெடித்து அக்காவின் வலது கண் போயிற்று. கல்லைச் சோதிக்கும் வேலையை அந்த வருஷம்தான் உன்னிடம் கொடுத்திருந்தாள். தண்ணீரில் கிடந்த கல் வெயிலிலும் சில்லென்று இருக்கும், கன்னத்தில் வைத்தால் தெரிந்துவிடும். அதை நெருப்பில் போட்டால் உள்ளிருக்கும் ஈரத்தால் வெடிக்கும். நான் சோதிக்கவில்லை, என் தப்புதான் என்று எல்லார் முன்னாலும் அழுதாய். ஏன் சோதிக்கவில்லை என்று நீ சொல்லவில்லை. கொத்தனார் மாமா நானே கொண்டுவந்த கல்லைச் சோதிப்பது என்னை அவமதிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பாய்.

மேட்டு நிலத்தில் சரிந்து கிடக்கும் பழைய மதிலிலிருந்து எடுத்துவர வேண்டிய கல் அது. அன்று எனக்கு நேரமாகிவிட்டது, மேடு ஏறச் சோம்பல். ஓடை ஓரம் பிக்கப்பை நிறுத்தி அரை வண்டி நிரப்பிக்கொண்டேன். நாலு நாள் வெயில் அடித்திருக்கிறது, காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாற்பது வருஷம் கல் வேலை செய்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை. ஊர் உன்னைக் குறை சொன்னபோது நானும் தலையாட்டினேன். நீ ஊரை விட்டே போனாய். வெட்கமாக இருக்கிறது அம்மா, எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் அக்காவுக்குச் சூப் கொண்டுபோனேன். இரண்டு கரண்டி குடித்தாள். பிறகு மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: “அது ஓடைக் கல்லுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா எல்வின். சூடாகும்போதே பாசி வாசம் வந்துச்சு. பிள்ளைங்களைத் தூர விலக்கத்தான் குழிகிட்ட போனேன்.”

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஏன் இத்தனை வருஷம் கேட்கவில்லை என்றேன். “நீயா சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்,” என்றாள். ரோவீனாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம்கூட வந்தது, பார்த்துக்கொள். அதற்கு அவள் சொன்னதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடவில்லை.

“வெடிச்ச துண்டையெல்லாம் பொறுக்கினவ அவதான். அது ஓடைக் கல்லுன்னு அவளுக்குத் தெரியாதா? உனக்காகத்தான் வாயை மூடிக்கிட்டுப் போனா.”

அதனால்தான் அடக்கத்தன்று உன்னைக் கூப்பிட முடியவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, ஜெபம் முடிந்து குழியில் தீ மூட்டுவதற்கு முன்னால், எல்லார் எதிரிலும் இதைச் சொல்லப்போகிறேன். நீ வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். ஆனால் நீ அங்கே நிற்க, உன் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை. குழியைத் தோண்டிவிட்டேன். கல் ஒன்றும் எடுக்கவில்லை. அது இனி உன் வேலை, நான் வண்டி மட்டும் ஓட்டுகிறேன். நீ வராவிட்டால் இந்த வருஷம் மட்டி இல்லாமல் ஊர் ரொட்டி தின்னட்டும், ஹார்லனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

படைத்தவர் உன்னையும் நீ வருகிற வழியையும் காக்கட்டும். உன் அம்மாவுக்குப் பதினோரு வருஷம் பொறுமை இருந்தது. எனக்கு இந்த மூன்று வாரமே பெரிதாக இருக்கிறது. வந்துவிடு, கண்ணு.

உன் மன்னிப்பைக் கேட்டு நிற்கும்,
எல்வின் மாமா