குறுக்குக் கம்பியில் மூன்று புள்ளி

எம்மன்புரூக்கே,
14.09.1986

அன்புள்ள சிவமலருக்கு,

நல்லூரான் உம்மையும் பிள்ளை கலாவையும் காத்து நிற்பான் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். நான் உடம்பால் சுகம். மற்றது எல்லாம் கீழே வருகிறது, ஆறுதலாக இருந்து வாசியும்.

இது தபாலில் வந்த கடிதம் இல்லை என்பது உமக்கு விளங்கியிருக்கும். என்னோடு அறையில் இருக்கும் இராஜேந்திரனின் தகப்பனார் போன மாதம் காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்குப் போக இராஜேந்திரனுக்கு வழியில்லை. இந்த நாட்டை விட்டு ஒருக்கால் வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். லண்டனில் இருக்கும் அவனுடைய தங்கச்சி பத்மினி ஊருக்குப் போகிற வழியில் தமையனைப் பார்க்க வந்தா. நான் கேட்க முன்னமே, "அக்காவுக்கு ஏதும் குடுக்க இருந்தால் தாங்கோ அண்ணை, என்ர சட்டைக்குள்ளை வைச்சுக் கொண்டுபோறன்" என்றா. ஆனையிறவுக் காவலில் ஆமிக்காரர் பைகளைக் கிண்டுவார்கள். அந்தப் பிள்ளை அவ்வளவு துணிந்து கொண்டுவந்த கடிதம் இது. வாசித்த கையோடு அடுப்பில் போட்டுவிடும்.

இதுவரை நான் தபாலில் எழுதியது எல்லாம் பனி கொட்டுகிறது, அப்பிள் மலிவு, நான் நலம் என்பதுதான். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது என்று நீர் நக்கலடித்து எழுதியிருந்தீர். உண்மையை எழுதினால் கொழும்பில் யார் பிரித்துப் பார்ப்பார்களோ என்ற பயம் ஒன்று. உம்மிடம் சொல்லப் பயம் மற்றது. இப்போது சொல்லிவிடுகிறேன். என்னுடைய அகதி விண்ணப்பத்தை ஏப்ரல் மாதமே நிராகரித்துவிட்டார்கள். ஐந்து மாதம் மறைத்ததற்கு என்ன ஏச வேண்டுமோ ஏசும்.

ஏன் நிராகரித்தார்கள் என்று கேட்டால் சிரிப்பீர். அந்த நீல வான்தான். எண்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதம் இரண்டு பொடியன்கள் கொக்குவிலில் எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார்களே, பின் சில்லுகளுக்கு இரண்டிரண்டு ஸ்பிரிங் தகடு கூடப் போடச் சொல்லி. யார் வந்தாலும் கேட்கிற கேள்வியை அவர்களிடமும் கேட்டேன், எத்தனை பேர் ஏறுவார்கள் என்று. "ஆக்கள் இல்லை அண்ணை, சாமான்தான்" என்றார்கள். என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. போட்டுக் கொடுத்தேன். வழக்கம்போலத் தகட்டின் நுனியில் பஞ்ச் வைத்து என்னுடைய மூன்று புள்ளியையும் அடித்தேன். வான் ஆயுதங்களோடு பிடிபட்டதும், ஊரெல்லாம் நான் பெருமை பேசித் திரிந்த அந்த மூன்று புள்ளியைக் கேட்டுக்கொண்டு ஆமி வீட்டுக்கு வந்ததும், நீர் கலாவைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் ஓடியதும் உமக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை.

இதையெல்லாம் விசாரணையில் ஒன்றும் விடாமல் சொன்னேன். விசாரித்தவர் நல்ல மரியாதையான மனிதர், எனக்குத் தேத்தண்ணீர் கூடத் தந்தார். பிறகு வந்த கடிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? நாலு ஸ்பிரிங் தகட்டுக்காக ஒருவனைத் தேடினார்கள் என்பது நம்பக்கூடியதாக இல்லையாம். அப்படிப்பட்ட வேலையில் ஒருவன் தன் அடையாளத்தைத் தானே குத்தி வைப்பான் என்பது அதைவிட நம்பக்கூடியதாக இல்லையாம். நான் மெக்கானிக் என்பதற்கே ஒரு துண்டுக் காகிதம் இல்லையாம், இங்கே கூட்டித் துடைக்கிற வேலைதானே செய்கிறேனாம். இராஜேந்திரன் டொச் மொழியிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மேல்முறையீடு போட்டிருக்கிறேன். உதவி செய்யும் வக்கீல் அம்மா, நீ மெக்கானிக் என்று காட்ட ஒரே ஒரு காகிதம் கொண்டுவா, மற்றதை நான் பார்க்கிறேன் என்கிறா. எங்கே போவேன்? கராஜ் போர்ட்டையும், நான் காருக்குக் கீழே கிடக்கிற படத்தையும் எரிக்கச் சொன்னதே நான்தான். உம்மில் ஒரு பிழையும் இல்லை.

இனி வேலையைப் பற்றி. நான் இருப்பதும் ஒரு கராஜில்தான். ஆனால் என்னுடைய அனுமதிப் பத்திரத்தில் துப்புரவு வேலை என்று எழுதியிருக்கிறது. ஸ்பனரைத் தொட்டால் எனக்கும் குற்றம், முதலாளிக்கும் குற்றம். முதலாளியின் பெயர் ஒடர்மாட். ஐம்பது வயது, ஒல்லியான மனிதர், காசு கேட்டு வருபவனுக்கும் வணக்கம் சொல்லுவார். நான் வந்த இரண்டாம் கிழமை, லிப்டில் ஏற்றியிருந்த ஒரு காரின் முன் சில்லைக் கையால் ஆட்டிப் பார்த்து, சில்லைத் தாங்குகிற பால் ஜொயின்ட் போய்விட்டது என்று கை காட்டினேன். மனிதர் என்னையும் நான் கூட்டுகிற தும்புத்தடியையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றிலிருந்து கதவைச் சாத்தினால் நான் மெக்கானிக், கதவு திறந்தால் துப்புரவுக்காரன்.

அவரிடம் ஒரு கறுப்புக் கார் இருக்கிறது. அமெரிக்காவில் அறுபத்தொன்பதாம் ஆண்டு செய்த கமாரோ. முன்னுக்குப் பெரிய எட்டுச் சிலிண்டர் என்ஜின். நேராக ஓடினால் புலி, வளைவில் திருப்பினால் கள்ளுக் குடித்தவன் போல ஒரு பக்கம் சரியும். பிரேக் போட்டால் மூக்கு நிலத்தை முட்டப் பார்க்கும். அதைக் கொண்டு சுஸ்டன் என்ற மலைப்பாதையில் ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சித்திரையில் ஒரு தடித்த பாகப் புத்தகத்தை என் மடியில் போட்டு, முன் பக்கத்துக்கு இறுக்கமான சாமான் எல்லாம் நீயே தெரிவு செய் என்றார். ஸ்பிரிங்கில் மட்டும் ஐந்து தரம். ஷொக் அப்சோபர், ரப்பர் புஷ், குறுக்குக் கம்பி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வகை. சாப்பாட்டை மறந்து அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் சந்தோசமாக இருந்த நாள் என்று சொன்னால் அந்த ஒரு கிழமைதான்.

அவரிடமும் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டேன். நான் மட்டும் என்றார். நான் நம்பவில்லை, மலர். ஒருவர் என்று சொல்லி எடுத்துப்போன காரில் ஒன்பது பேரும் ஒரு வாழைக்குலையும் ஏறுவதைத்தானே நான் இருபது வருசமாகப் பார்த்தேன். பெண்சாதி, பிள்ளைகள், மாமி, மச்சான் எல்லாரும் வருவார்கள், மனிதர் வெட்கத்தில் சொல்லவில்லை என்று எனக்குள் கணக்குப் போட்டு, புத்தகத்தில் உள்ளதிலேயே இறுக்கமான ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் எடுப்பித்துப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனார், உண்மையாகவே தனியத்தான் போனார். திங்கட்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். பள்ளம் வந்த இடமெல்லாம் முன் சில்லு துள்ளியதாம், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் கார் நேரே பள்ளத்தாக்கைப் பார்த்துப் போனதாம். கேட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. பாரம் இல்லாத காருக்கு அந்த ஸ்பிரிங் அமுங்காது, அமுங்காத சில்லு ரோட்டைப் பிடிக்காது, முன்பக்கம் மட்டும் விறைத்து நின்றால் கார் திரும்பாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். பிழை என்னுடையதுதான், ஒன்பது பேருக்குப் பூட்டிவிட்டேன் என்று சொன்னேன். அவர் ஏசவில்லை. ஒன்பது பேரா என்று கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பிறகு தொடங்கினோம். எனக்கு இந்த நாட்டு லைசென்ஸ் இல்லை, ஓட்டிப் பார்க்க முடியாது. இந்தக் கன்ரோன் என்கிற மாகாணத்தின் எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை, பக்கத்தில் இருந்து போகவும் முடியாது. அவர் மலைக்குப் போய்வந்து சொல்லுவார், நான் கேள்வி கேட்பேன். பிரேக் போடுகையில் மூக்கு எவ்வளவு இறங்கியது? வளைவுக்குள் புகும்போது இழுத்ததா, வெளியே வரும்போதா? நோயில் கிடக்கிற வருத்தக்காரனைப் பார்க்காமல் அவன் தமையனிடம் விசாரித்து மருந்து கொடுக்கிற பரியாரி மாதிரி இருந்தேன். சுஸ்டன் மலையின் ஒவ்வொரு வளைவும் இப்போது எனக்கு மனப்பாடம். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை.

கடைசியில் நடுத்தர ஸ்பிரிங் தெரிவு செய்தேன், பழையதைவிட இறுக்கம், ஆனால் அமுங்கும். ஷொக்கை அதற்கு ஏற்ற மாதிரி எடுத்தேன். முன் சில்லுகள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பியை மட்டும் நல்ல தடிப்பாகப் போட்டு, பின்னுக்கும் மெல்லிய ஒன்று சேர்த்தேன். நேர் ரோட்டில் அந்தக் கம்பி சும்மா கிடக்கும். கார் சாய வெளிக்கிட்டால்தான் பிடித்து நிறுத்தும். எல்லாம் பூட்டி முடிந்ததும் கம்பியைப் பிடிக்கிற கிளாம்பில் மூன்று புள்ளி குத்தினேன். ஏன் குத்தினேன் என்று கேட்காதேயும். ஒருவன் தன் வேலையில் அடையாளம் வைக்கமாட்டான் என்று எழுதியவர்கள் மேல் இருந்த கோபம்தான்.

அந்த ஞாயிறு அவர் திரும்பி வந்து இறங்கியதும் என் இரண்டு கையையும் பிடித்தார். அப்போதுதான் என்னுடைய வழக்கைச் சொன்னேன். இந்தக் கார் அரசாங்கப் பரிசோதனையில் தேறட்டும், உன் வேலை என்ன என்று நான் எழுதித் தருகிறேன் என்றார். அதுவரை ஒருவருக்கும் மூச்சுக் காட்டாதே என்றும் சொன்னார்.

ஆவணி மாதம் பரிசோதனை. காரைத் துடைப்பதற்கு என்று என்னையும் கூட்டிப்போனார். பரிசோதகர் வயதானவர், அவசரமே இல்லாதவர். முன் மட்காட்டை அமுக்கிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், விளக்கோடு கீழே போய் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து, இந்த முன்பக்கத்தைத் தெரிவு செய்தவருக்கு வாகனம் தெரியும், யார் அவர் என்று கேட்டார். ஒடர்மாட் நான்தான் என்றார். கிளாம்பில் இருக்கிற மூன்று புள்ளி என்ன என்று கேட்டார். அது கொம்பனி அடையாளம் என்றார் ஒடர்மாட். நான் இரண்டடி தள்ளித் துணியோடு நின்றேன்.

மலர், அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். கொக்குவில் ஸ்டேசனில் ரயில் வெளிக்கிடுகையில் நீர் என்ன சொன்னீர்? "அங்கை போயாவது வாயை அடக்கி வைச்சிருங்கோ. உங்கடை வாயாலை நாங்கள் பட்டது காணும்." அதை நினைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன். கலியாணம் கட்டிப் பதின்மூன்று வருசத்தில் உம்முடைய சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான், குறித்து வையும். கார் தேறிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை ஒடர்மாட் கடிதம் தந்தார். நல்ல தடித்த தாள், கராஜின் முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. இராஜேந்திரன் வாசித்தான். திரு. உருத்திரமூர்த்தி எங்களிடம் பதினாலு மாதமாகத் துப்புரவாளராக வேலை செய்கிறார், நேரத்துக்கு வருவார், நிலம் எப்போதும் சுத்தமாக இருக்கும் என்று இருந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். நீ காரைத் தொட்டாய் என்று எழுதினால் சட்டப்படி முதல் குற்றவாளி நான்தான், கராஜையே மூடிவிடுவார்கள் என்றார். அவர் கூடாத மனிதர் இல்லை. ஒரு பெட்டி சொக்லேற் தந்தார், கலாவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கழுவுகிற அறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த மூன்று புள்ளியைக் காட்டினால் என்ன என்று இராஜேந்திரன் கேட்கிறான். காட்டினால், உன்னைக் காருக்குக் கீழே போகச் சொன்னது யார் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அவர் அழிவார், நான் சட்டத்தை மீறியவன் என்று இன்னும் கெதியாக ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவேன். காட்டாவிட்டால் நான் பொய்யன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அந்தத் துப்புரவுக் கடிதத்தையே வக்கீல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவ இரண்டு தரம் வாசித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தா. மார்கழிக்குள் பதில் வரும் என்றா.

நேற்றும் ஒடர்மாட் மலைக்குப் போனார், இந்த முறை மனைவியோடு. வந்து, வளைவுகளில் கார் கோடு கீறின மாதிரிப் போகிறது என்று கையால் காட்டினார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்த நேரத்தில் எப்படிச் சந்தோசம் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

அந்தக் காரின் முன்பக்கத்தை யார் தெரிவு செய்தது என்று உலகத்தில் எழுதியிருக்கிற காகிதம் இது ஒன்றுதான். ஆனாலும் மறக்காமல் அடுப்பில் போடும். பத்மினியை ஒரு நேரம் இருத்திச் சாப்பாடு கொடும். கலா படிப்பில் கெட்டிக்காரியாம், வாய் மட்டும் என்னைப் போலவாம் என்று எழுதியிருந்தீர். அதை அடக்கச் சொல்லிக் கண்டிக்காதேயும். அவளுக்கு என்னுடைய ஆசீர்வாதமும் முத்தமும்.

என்றும் உம்முடைய,
உருத்திரமூர்த்தி

பி.கு.: விறகுக்குக் கீழே நீர் ஒளித்து வைத்த ஸ்பனர் பெட்டியை வெளியே எடும். ஒவ்வொரு ஸ்பனரின் பிடியிலும் மூன்று புள்ளி இருக்கும். பெட்டிக்குள் அரம் கிடக்கிறது, ஒன்று விடாமல் தேய்த்து அழித்துவிடும். அழித்த பிறகு எண்ணெய் பூசிப் பழந்துணியில் சுற்றி வையும், என்னைத் திருப்பி அனுப்பினால் கைக்கு வேண்டும். மார்கழி மழைக்குத் துருப்பிடித்துவிடும், அதற்கு முன் செய்யும்.