பெங்களூர்க் கணக்கு

செவ்வாய்க்கிழமை, திண்டிவனம்.

சென்னையிலிருந்து பாரிசுக்கு நேரடி விமானம் கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் விழுப்புரத்தில் டிக்கெட் போடும் சேகர். பாரிசில் இருக்கும் எங்கள் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எங்களைப் பெங்களூருக்கு ரயிலேற்றி, அங்கிருந்து அனுப்புகிறவரும் அவர்தான். பாரிசுக்குப் புது நேரடி விமானம் சென்னையிலிருந்து இல்லை, பெங்களூரிலிருந்துதான் என்று இன்றைக்குச் செய்தி வந்தது. கடைக்கே போய்க் கேட்டேன்.

"ஜனம் எங்க ஏறுதுன்னுதான் கம்பெனிக்காரன் பாப்பான்க்கா. நம்ம ஊர் ஆளுங்கள நான் அங்கதான ஏத்திக்கினு இருக்கேன்? அங்கருந்து போட்டா எனக்கு கமிஷன் ஜாஸ்தி."

"அப்ப அந்தக் கையெழுத்து?"

"அது கடைக்கு விளம்பரம்க்கா" என்று சிரித்தார்.

முதல் கையெழுத்து என்னுடையது. முட்டிவலிக்கார வீட்டுக்காரரோடு மறுபடியும் அந்த ரயில். "புக் பண்ணட்டுங்களா?" என்றார் சேகர். வேறு வழி தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த டிக்கெட்டும் பெங்களூர்க் கணக்கில்தான் ஏறும்.