ரெண்டு வட்டியும் ஒன்பது வட்டியும்

அடியே,

கையில் இன்னும் சின்ன வெங்காய வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. ரெட்டிபாளையத்தில் வகுப்பை முடித்துவிட்டு இப்போதுதான் அரியலூர் வீட்டுக்கு வந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு நான் தனியாக எடுத்த முதல் வகுப்பு. எப்படிப் போயிற்று என்று உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், வழக்கம்தானே.

பள்ளியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து எனக்காகப் படித்தவள் நீ. எனக்கு எழுத்துகள் வரிசையில் நிற்காது, எண்கள் இடம் மாறிக்கொள்ளும். பெரம்பலூரில் ஜெயங்கொண்டம் பஸ் என்று நினைத்துத் துறையூர் பஸ்ஸில் ஏறியதை என் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிச் சிரித்தாய். வெகுகாலம் கழித்துத் திருச்சியில் ஒரு டாக்டர் இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் சொன்னார். மக்கு, சோம்பேறி என்றே கேட்டு வளர்ந்த நான் அங்கேயே அழுதுவிட்டேன். "பேரு நல்லாத்தான்டி இருக்கு, முன்னாடியே தெரிஞ்சா எம் பொண்ணுக்கு வச்சிருப்பேன்" என்றாய். டாக்டரே சிரித்துவிட்டார்.

மகளிர் குழுக்களுக்குப் பணத்தைக் கையாளச் சொல்லித்தரும் வேலையில் சேர்ந்தபோது நமக்குள் ஓர் ஏற்பாடு. பேசுவது நான், போர்டில் எழுதுவது நீ. வேப்பந்தட்டையில் ஒரு நாள் கூட்டம் தொடங்கிவிட்டது, நீ வெங்காயம் பேரம் பேசப் போய்விட்டாய்!

தையல் மெஷின் வாங்க அன்று சாயங்காலமே கடன் வாங்கவிருந்த ஒருத்தி எழுந்து கேட்டாள். "வெளியில ரெண்டு வட்டிக்குத் தராங்க. பேங்குல ஒம்போதுங்கறாங்க. எதுங்க கம்மி?" எல்லோரும் ரெண்டுதான் என்று தலையாட்டினார்கள். நம் பக்கத்தில் ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய். வங்கி சொல்கிற ஒன்பதோ ஒரு வருடத்துக்கு. அதை விளக்கப் போய், இருபத்து நான்கு என்று எழுத வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதிவிட்டேன்.

"மாசம் ரெண்டுன்னா வருசத்துக்கு இருவத்தி நாலுதானங்க வரும்?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. கூட்டம் சிரித்தது. அப்போதுதான் பையோடு உள்ளே வந்தாய். சாக்பீஸை வாங்கிக்கொள்வாய் என்று கையை நீட்டினேன். நீ வெங்காயத்தைத் தரையில் கொட்டினாய். "போர்ட வுடுடி. இதுல காட்டு."

மாதத்துக்கு ரெண்டு ரெண்டாக ஒரு பக்கம், வங்கிக்கு ஒன்பது இன்னொரு பக்கம். மெஷின்காரி இரண்டு குவியலையும் பார்த்து, "ஆத்தாடி, இம்புட்டா!" என்று வாயில் கை வைத்தாள். மறுநாள் வங்கிக்குத்தான் போனாள். திரும்பும்போது ஸ்கூட்டியில் நீ சொன்னாய். "நீ தப்பா எழுதுனதுனாலதான்டி அவங்க கணக்கே போட்டாங்க. இல்லன்னா தலைய ஆட்டிட்டு வூட்டுக்குப் போயிருப்பாங்க."

நீ இல்லாமல் சில மாதம் நான் வகுப்புப் பக்கமே போகவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொடுக்க நினைத்தேன். அதையும் நீதானே எழுதித் தர வேண்டும் என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

இன்று வந்தவர்களெல்லாம் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்கள் வீட்டுப் பெண்கள். என் முதல் பேச்சே இதுதான். "எனக்கு எண்ணு பொரளும்ங்க. தப்பா எழுதுனா கூச்சப்படாம சத்தமா சொல்லுங்க." வெங்காயத்தைக் குவித்துக் காட்டிவிட்டு, மூன்று வட்டிக்கு வருடக் கணக்கைப் போர்டில் எழுதும்போது அதுவும் புரண்டது. பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினேன். நீ இல்லை. அதற்குள், "அக்கா, மாத்திட்டீங்க! முப்பத்தாறு!" என்று அரங்கமே கத்தியது. அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் தயங்கி நின்றாள். "எனக்கும் இப்புடித்தான்க்கா. வூட்ல யாருக்கும் தெரியாது. எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் படிக்காமயே போட்டுருவேன்" என்றாள்.

"அடுத்த வகுப்புல நீதான் போர்டுல எழுதணும்" என்றேன் அவளிடம். பயந்துபோனாள். "நானாக்கா? தப்பா வந்துட்டா?"

"வரட்டுமே. நாம ரெண்டு பேரும் சேந்து தப்பா எழுதுவோம். மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேசியது என் வாய்தான், பேச்சு உன்னுடையது.