இரண்டு பெயரும் ஒரே ஆள்

சைகோன்,
9 மார்ச் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. எனக்குச் சௌக்கியம். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை நம் ஐயாவைக் குழந்தைகள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஜனவரியில் டாக்டரம்மா சொன்னதை எழுதியிருந்தேனே. இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, இரண்டு மாதத்தில் வற்றாவிட்டால் சின்ன ஆபரேஷன் செய்து குழாய் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கெட்டுவிடும் என்று. அந்தக் கெடு முடிந்துதான் போனேன். உள்ளேயே விடவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் இங்கிலீஷில் பிள்ளையின் பெயரைக் கேட்டாள். மாமாவின் பெயரை நான் எப்படி வாய்விட்டுச் சொல்வேன்? வீட்டில் அவனை ஐயா என்று கூப்பிடுவதே அதற்காகத்தானே. ஒரு காகிதம் வாங்கி எழுதிக் காட்டினேன். பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லத் தெரியாத தாயா என்று நினைத்திருப்பாள். என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, தகப்பனாருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு இல்லை என்றாள்.

நான் நகரவில்லை. அவளும் பாவம், இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டாள். விஷயம் இதுதான். உங்கள் பாஸ்போர்ட்டில் இராமநாதன் சொக்கலிங்கம். அவன் பாஸ்போர்ட்டில் சொக்கலிங்கம் இராமநாதன். ஒரே ஆளின் பெயரை முன்பின்னாக இரண்டு தரம் எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, போன மாதம் பட்டியலைப் புதுப்பிக்கையில் ஒன்றை அடித்துவிட்டார்களாம். நம் பக்கத்தில் தாத்தா பெயர் பேரனுக்கு என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். இவர்களுக்கு யார் சொல்வது? நல்லவேளை, உங்களை அடிக்காமல் விட்டார்கள்.

இதைச் சரிசெய்ய நீங்கள்தான் கம்பெனிக்கு ஒரு வரி எழுத வேண்டுமாம். அவர்கள் இன்சூரன்ஸுக்குச் சொல்வார்களாம். அதுவரை டாக்டரம்மா பார்க்க மாட்டார். கைக்காசு கட்டுகிறேன் என்றால் முன்பணமாகக் கேட்கிற தொகை நம்மால் ஆகிற காரியம் இல்லை.

உடனே எழுதுங்கள் அத்தான். நாள் முழுக்க இந்த அறையில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி. கேட்பதற்கு இருப்பவன் அவன் ஒருவன். அவனுக்கும் கேட்கவில்லை. நேற்று அவனிடம் பேசிக்கொண்டே துணி மடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவன் எப்போதோ எழுந்து ஜன்னலுக்குப் போயிருக்கிறான். யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

உங்கள்
அலமு


பாக்சே, லாவோஸ்,
18 மார்ச் 1998

என் அன்புள்ள அலமுவுக்கு,

உன் கடிதம் கம்பெனித் தபால் பையில் நேற்று வந்தது. படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். நானும் என் மகனும் ஒரே ஆளாமா? அப்படியானால் இந்த மர மில்லில் கணக்கெழுதுவது யார், அங்கே உன் மடியில் உட்கார்ந்து சோறு தின்பது யார்? எனக்கு அந்த வேலையைக் கொடுத்தால் இன்றே வந்துவிடுவேன்.

கவலைப்படாதே. கம்பெனிக்கு இன்றே எழுதிவிட்டேன். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். நீ மட்டும் சைகோன் ஆபீசுக்குப் போய் நிற்காதே. இந்தப் பக்கத்து நாட்டுப் பண மதிப்பெல்லாம் விழுந்துகிடக்கிற நேரம். முதலாளி சிடுசிடு என்றிருக்கிறார். போன வாரம் நான்கு பேரை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். இங்கே மில்லில் டெலிபோனும் அவர் மேஜை மேல்தான் இருக்கிறது, அதனால்தான் கூப்பிடவில்லை.

யாராவது சொன்னார்கள் என்று அரசு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடாதே. கூட்டம் நெரியும், பாஷை தெரியாது, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடும். நானே நான்கு வயதில்தான் பேசினேன் என்று ஆத்தா சொல்லும். இப்போது வாயை மூடுகிறேனா பார்.

இங்கே தினமும் பசையரிசிச் சோறு. உருட்டி உருட்டித் தின்கிறேன். உன் கை ரசத்துக்கு நாக்கு ஏங்குகிறது. மூன்று மாதம் என்று சொல்லித்தான் சைகோனிலிருந்து இங்கே அனுப்பினார்கள், வருஷம் ஒன்றாகிறது. ஐயாவுக்கு என் முத்தம்.

என்றும் உன்
இராமநாதன்


சைகோன்,
6 ஏப்ரல் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியதை நம்பி கிளினிக்குக்கு மறுபடியும் போனேன். ஒன்றும் வரவில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் போனேன். இப்போதெல்லாம் நான் கதவைத் தள்ளும்போதே அந்தப் பெண் தலையை ஆட்டிவிடுகிறாள். அவளுக்கு என்மேல் இரக்கம்தான். ஐயாவுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்புகிறாள். டாக்டரம்மாவின் அறைக் கதவு நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து தெரிகிறது. மற்ற பிள்ளைகள் உள்ளே போய்விட்டு வருகிறார்கள்.

நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு பென் தான் மார்க்கெட் பக்கம் வந்தோம். ஒரு பூக்காரியிடம் நான் சில்லறை வாங்குகிற நேரத்தில் அவன் கையை உருவிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். பின்னால் மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவன் ஹாரன் அடிக்கிறான், அடித்துக்கொண்டே வருகிறான், இவன் திரும்பவே இல்லை. கோவில் வாசலில் ஊதுபத்தி விற்கிற ஜூலியேத் அப்போது அந்தப் பக்கம் வந்தவள், பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஜூலியேத் யார் என்று கேட்பீர்கள். அவள் தகப்பனார் காரைக்காலில் இருந்து வந்த குமாஸ்தாவாம். அம்மா இந்த ஊர்க்காரி. என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். பிரெஞ்சு பேசுவாள், இந்த ஊர்ப் பாஷை பேசுவாள், தமிழில் வீட்டுச் சொற்கள் மட்டும் தெரியும். என்னை நடைபாதையில் உட்காரவைத்து, என் முதுகைத் தடவிக்கொண்டே, “அழாதே. நான் இருக்கு” என்றாள். இந்த ஊரில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதற்காகவே இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அரசுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காதுக்கு நல்ல டாக்டர் இருக்கிறார், நான் கூட வருகிறேன் என்கிறாள். நீங்கள் வேண்டாம் என்றதால் பொறுத்திருக்கிறேன்.

இன்னொன்று தோன்றுகிறது. பாஸ்போர்ட்டில் அவன் பெயரையே மாற்றிவிட்டால் இந்தக் குழப்பம் தீராதா? மாமா கோபித்துக்கொள்வார்களா? நீங்கள் கேட்டுப் பாருங்கள். ஜனவரியில் பால், வா, பூ என்று அவனுக்கு வார்த்தைகள் இருந்தன. இப்போது எல்லாவற்றுக்கும் “ப்பா” ஒன்றுதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
அலமு


பாக்சே,
20 ஏப்ரல் 1998

என் அன்புள்ள அலமுவுக்கு,

மோட்டார் சைக்கிள் விஷயத்தை இரண்டு தரம் படித்தேன். அவனை வெளியே அழைத்துப் போகாதே, அல்லது இடுப்பிலேயே வைத்துக்கொள். அந்த ஜூலியேத் அம்மாளுக்கு என் நன்றியைச் சொல்.

பெயரை மாற்றுகிற பேச்சு மட்டும் வேண்டாம். அப்பச்சிக்கு இந்த வயதில் இருக்கிற ஒரே சந்தோஷம் தன் பெயர் ஒரு பிள்ளைக்கு இருக்கிறது என்பதுதான். தேவகோட்டைக்கு இதை எழுத எனக்குக் கை வராது. கம்பெனிக்கு இரண்டு தரம் நினைவூட்டிவிட்டேன். சைகோன் ஆபீஸ் ஜெய்னுலாபுதீன்தான் அந்த வேலையைப் பார்க்கிறார், நல்ல மனிதர், எப்படியும் முடித்துவிடுவார். இன்னும் கொஞ்சம் பொறு. அரசு ஆஸ்பத்திரி வேண்டாம்.

ஐயாவுக்கு ஒரு மர யானை அனுப்பியிருக்கிறேன். இங்கே மில்லில் ஒருவர் செதுக்கியது. கழுத்தில் மணி கட்டியிருக்கிறது. ஆட்டினால் கிணுகிணு என்று என்னமாய் அடிக்கிறது தெரியுமா? அவன் சிரிக்கிற சிரிப்பை நீ எனக்கு எழுத வேண்டும்.

என்றும் உன்
இராமநாதன்


சைகோன்,
11 மே 1998

அன்புள்ள அத்தானுக்கு,

யானை வந்தது. அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஐயா அதைத் தரையில் உருட்டிப் பார்த்தான், தும்பிக்கையைக் கடித்துப் பார்த்தான். நான் அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்து மணியை ஆட்டினேன். அவன் என் கையைத்தான் பார்த்தான்.

சனிக்கிழமை பருப்பு வாங்க டோங் தூ பள்ளிவாசல் பக்கத்து மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். ஜெய்னுலாபுதீன் அண்ணன் அங்கே நின்றார்கள். நானாகத்தான் போய்ப் பேசினேன். ஆபீஸ் வாசலில் நிற்காதே என்றுதானே சொன்னீர்கள், கடை வாசலைச் சொல்லவில்லையே. பையன் காது விஷயம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, “எனக்கு ஒண்ணுமே வரலையே தங்கச்சி. அவர்ட்டேர்ந்து ஒரு வரி வந்திருந்தா அன்னிக்கே முடிச்சிருப்பேன்” என்றார்கள்.

அவர்களுக்கும் சங்கடமாகிவிட்டது. தபாலில் தவறியிருக்கும் என்று சமாதானம் சொன்னார்கள். என் கடிதம் எதுவும் அந்தக் கம்பெனிப் பையில் தவறியதில்லை.

நான் சண்டைபோட எழுதவில்லை. ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

அலமு


பாக்சே,
25 மே 1998

அலமு,

நான் எழுதவில்லை. மூன்று தரம் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை.

இங்கே யார் யாரை நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு இருப்பவர்களால் செலவு அதிகம், அவர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று பேச்சு. இந்த நேரத்தில் என் பிள்ளைக்கு ஆபரேஷன், இன்சூரன்ஸில் பெயரைச் சேருங்கள் என்று நானே போய் நின்றால் என்ன ஆகும்? ஊரில் எனக்கு எந்த வேலை காத்திருக்கிறது? உங்கள் இருவருக்காகவும்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

ஜூன் கடைசியில் காண்ட்ராக்ட் புதுப்பித்துவிடுவார்கள். கையெழுத்தானதும் முதல் வேலை அதுதான். லீவு போட்டு நானே வருகிறேன். மூன்று பேரும் சேர்ந்தே அந்தக் கிளினிக்குக்குப் போவோம். இவ்வளவு பொறுத்தவள் இன்னும் ஒரு மாதம் பொறுக்கமாட்டாயா?

உனக்காவது பக்கத்தில் பிள்ளை இருக்கிறான். எனக்கு இங்கே அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மில் ஓடாது. யாரிடமும் பேசாமல் பொழுது போய்விடும். கோபித்துக்கொள்ளாமல் ஒரு கடிதம் போடு.

உன்
இராமநாதன்


சைகோன்,
14 ஜூன் 1998

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. கம்பெனி டிரைவர் அதைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்துதான் படித்தேன். ஐயாவுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. நன்றாக இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரசுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில்தான். நீங்கள் சொன்னதுபோலக் கூட்டம்தான். வராந்தாவெல்லாம் பாய் விரித்து ஆட்கள். ஆனால் அங்கே யாரும் எங்களைப் போ என்று சொல்லவில்லை. ஜூலியேத் கடையைச் சாத்திவிட்டு வந்தாள். சீட்டு எழுதுகிற இடத்தில் பிள்ளையின் பெயரைக் கேட்டார்கள். நான் சொன்னேன். சொக்கலிங்கம் என்று வாய்விட்டுச் சொன்னேன். மாமா மன்னிக்கட்டும். எழுதுகிறவருக்கு அது பிடிபடவில்லை, இன்னும் இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

டாக்டர் காதைப் பார்த்துவிட்டு ஜூலியேத்திடம் என்னவோ வேகமாகப் பேசினார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்டிருப்பார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழாய் வைக்கலாம், கேட்கும், பேச்சும் வரும், ஆனால் பாடுபட வேண்டும் என்று அவள் எனக்கு விரலாலும் வாயாலும் சொன்னாள்.

பிறகு நர்ஸ் ஒரு கேள்வி கேட்டார். ஜூலியேத் என்னிடம், “அப்பா எங்கே?” என்றாள். நான் “இல்லை” என்றேன். இங்கே இல்லை என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவள் அதை அவர்கள் பாஷையில் சொன்னதும் நர்ஸின் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். பக்கத்தில் பாய் விரித்திருந்த ஓர் அம்மாள் தன் ஆரஞ்சில் பாதியை உரித்து என் கையில் கொடுத்தாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜூலியேத் வீட்டில் அவள் தகப்பனார் இறந்த பிறகுதான் ‘இல்லை’ என்ற சொல் அடிக்கடி வந்திருக்கிறது. யாராவது தமிழ்க்காரர் வந்து கேட்டால் அப்பா இல்லை என்று சொல்வார்களாம். அவளுக்குத் தெரிந்த ‘இல்லை’க்கு அந்த ஓர் அர்த்தம்தான். நீங்கள் செத்துப்போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் திருத்தியிருக்கலாம். ஜூலியேத்தின் கையைப் பிடித்து, இல்லை, இருக்கிறார், லாவோஸில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். நினைத்தேன். அடுத்த கேள்வி ஏன் வரவில்லை என்றுதான் இருக்கும். ஆரஞ்சைத் தின்றேன். நீங்கள் அனுப்பிவிட்டதாகச் சொன்ன அந்த ஒரு வரிக்காக நான் எத்தனை தரம் போய் நின்றேன் என்பதை நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அதற்கும் அவர்கள் வேறு காரணம் நினைத்துக்கொண்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவன் கண் விழித்ததும் தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனையே பார்த்தான். வீட்டில் தினமும் ஃபேனைப் பார்க்கிறவன்தான். சத்தம் அங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான். மதியம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை. அவன் பயந்து என் மேல் ஏறிக்கொண்டான். நான் மழைடா, மழை என்றேன். என் வாயில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். நேற்று ஆத்தா என்று கூப்பிட்டான். ‘த்தா’ மட்டும் கேட்டது, ஆனால் அது என்னைத்தான்.

உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று திட்ட மாட்டேன். அங்கே உங்களுக்கும் யாருமில்லை என்பது தெரியும். எழுதவில்லை என்பதைக்கூட மறந்துவிடுவேன். எழுதிவிட்டேன் என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் நான் புடவை மாற்றிக்கொண்டு, அவனுக்குத் தலை வாரி, அந்தக் கவுண்டருக்குப் போய் நின்றேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த மாதம் பதினாறாம் தேதி காதைக் காட்டக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஜூலியேத் வருகிறாள். உங்கள் லீவு கிடைத்தால் வாருங்கள், ஐயாவைப் பாருங்கள், அவன் உங்கள் பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் நீங்கள் வர வேண்டாம். அங்கே இனி உங்களை யாரும் கேட்கமாட்டார்கள்.

அலமு